அவசியம் வீட்டுக்கு வாங்க

வாசல் மிதியடியின் மேல் ஒரு ஜோடி வெள்ளைக் கேன்வாஸ் ஷூ இருந்தது. பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடுக்குப் போட்டுக்கொண்டு போவோமே, அழுக்கை மறைக்கச் சாக்பீஸ் தேய்ப்போமே, அந்த ஷூ. நாடாவை உள்ளே செருகி, இரண்டையும் ஒட்டினாற்போல வைத்து, மூக்கு வீட்டைப் பார்த்திருக்க, பதவிசான ஒரு விருந்தாளி கழற்றி வைத்த மாதிரி இருந்தது. அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

சாந்தி கதவைப் பாதி திறந்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். டெக்சஸில் ரவுண்ட் ராக் என்ற ஊரில் ஆகஸ்ட் மாத மாலை. ஏழு மணிக்கும் வெயில் இறங்க மனமில்லாமல் கூரைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. தெருவில் தார் இளகி மணத்தது. எதிர்ச்சாரியில் பாதி கட்டி நின்ற வீடுகளின் மரச்சட்டங்களுக்குள்ளிருந்து சிள்வண்டுகள் காதைத் துளைத்தன. மழையைப் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அந்த வெக்கையிலும் ஷூவைச் சுற்றிச் சிமெண்டில் ஈரம் பரவி, பரவிய இடத்தில் காயாமல் அப்படியே கிடந்தது.

யாராவது கட்டட வேலைக்காரர் விட்டுப் போயிருப்பார் என்று நினைத்தாள். புல்லுக்குத் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் தண்ணீர் பட்டிருக்கும் என்றும் நினைத்தாள். ஸ்பிரிங்ளர் போடும் நாள் அது இல்லை என்பதை நினைக்காமல் இருப்பதற்குக் கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருந்தது.

கேட்பதற்கு வீட்டில் வேறு பெரியவர்கள் யாரும் கிடையாது. அவள் கணவன் சபரி, இரண்டாயிரமாவது வருடம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர்களெல்லாம் குழம்பிப் போகும் என்ற பயத்தில் சம்பாதித்துக்கொண்டிருந்த பல்லாயிரம் பேரில் ஒருவன். திங்கள்கிழமை காலையில் மினியாபொலிஸுக்கு விமானம் ஏறினால் வியாழன் இரவுதான் முகத்தைக் காட்டுவான். இருக்கும் ஒரே காரும் அவனோடு போய் ஆஸ்டின் ஏர்போர்ட் பார்க்கிங்கில் நிற்கும். டிபென்டென்ட் விசாவில் வந்த சாந்திக்கு வேலைக்குப் போக அனுமதியில்லை. நான்கு நாளும் அந்தப் புது வீட்டில் அவளும் மகள் ரோஷினியும்தான்.

குனிந்து ஷூவைக் கையில் எடுத்தாள். விரல் நுனியில் தொட்ட குளிர் முழங்கைவரை ஏறியது. அடிப்பக்கம் தேய்ந்து தேய்ந்து, குதிகால் பக்கம் ஓட்டையே விழுந்திருந்தது. எத்தனை தூரம் நடந்தால் ஒரு ஷூ இப்படித் தேயும்? முகர்ந்து பார்க்கும் உத்தேசமே இல்லாமல் மூக்கில் ஏறியது ஒரு வாசனை: ஈர மண், ஈரக் கம்பளி, பச்சை மரம் எரியும் புகை. எங்கோ முகர்ந்த வாசனைதான். எங்கே என்று பிடிபடவில்லை. கராஜ் பக்கமிருந்த குப்பைத் தொட்டியில் போட்டு மூடிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். கை சூடாக வெகுநேரம் ஆயிற்று.

ரோஷினியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஐந்து வயது. தமிழில் எது கேட்டாலும் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். சாந்தியும் தலைகீழாக நின்று பார்த்துவிட்டாள். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் ஓடிப்போய்க் கதவருகே நின்று, "வாங்க, உள்ள வாங்க, உக்காருங்க" என்று சொல்ல வேண்டும். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்து கொடுக்க வேண்டும். வந்தவரை வாங்க என்று சொல்லாதது அவள் ஊர் கோபிசெட்டிபாளையத்தில் ஜன்மப் பகைக்குப் போதுமான காரணம். ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்து எடுத்து வரும் பொங்கல் பாட்லக்குக்கு வந்த மாமிகளெல்லாம் அந்த மழலையைக் கேட்டு உருகிப் போனார்கள். "நீயும் எங்க வீட்டுக்கு வரணும், சரியா?" என்று கன்னத்தைக் கிள்ளினால், அதற்கும் "சரிங்க" என்று சொல்லப் பழக்கியிருந்தாள். அவள் மகள் பேசுகிற மொத்தத் தமிழும் அவ்வளவுதான். அதில் சாந்திக்கு ஏகப்பட்ட பெருமை.

மறுநாள் மாலை அழைப்புமணி அடித்தது.

சாந்தி மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அடித்த விதமே ஒரு மாதிரி இருந்தது. அழுத்தத் தயங்கி, விரலை எடுக்கவும் தயங்கிய மாதிரி நீளமாக ஒரு தரம் மட்டும். அவள் இறங்கி வருவதற்குள் ரோஷினி கதவுக்குப் பக்கத்திலிருக்கும் ஒடுங்கிய கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றாள். அவள் மூச்சுப் பட்ட இடம் வெள்ளையாகப் பனித்திருந்தது. டெக்சஸில், ஆகஸ்டில், உள்பக்கம்.

"யாருடா கண்ணு?"

"ஆன் ஆன்ட்டி," என்றாள் ரோஷினி. "ஷி இஸ் கோல்ட்." அவங்களுக்குக் குளிருதாம்.

சாந்தி கண்ணாடி வழியே பார்த்தாள். யாருமில்லை. வெறிச்சோடிய தெரு, மெயில்பாக்ஸ், வெயிலில் கருகிய புல். கீழே மிதியடியின் மேல், மூக்கு வீட்டைப் பார்த்தபடி, ஈரமாக, அந்த ஷூ.

எப்படிப்பட்ட ஆன்ட்டி என்று கேட்டாள். ரோஷினி ஆங்கிலத்தில் அடுக்கினாள். சிவப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தாங்க. தலைமுடியில் வெள்ளையாக என்னமோ இருந்தது. உன்னை மாதிரியே பேசினாங்க. அப்புறம், மிகப் பெரிய குற்றத்தைச் சுட்டிக்காட்டும் குரலில், நான் வாங்க என்று சொல்லலாமா என்று உன்னைக் கேட்க நினைத்தேன், அதற்குள் நீ வந்துவிட்டாய், அவங்க ரொம்ப நேரமாக வெளியே நிற்கிறாங்க, அது ரூட் இல்லையா, மரியாதைக் குறைவு இல்லையா, என்றாள்.

சிவப்பு ஸ்வெட்டர் என்று கேட்டதும் சாந்தி மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வாசனை எங்கே முகர்ந்தது என்று இப்போது தெரிந்தது.

ஜூன் மாதம் ஊருக்குப் போயிருந்தபோது நடந்தது அது. ஆபீஸில் எவனோ இமயமலை போட்டோக்களைக் காட்டித் தொலைத்ததிலிருந்து சபரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோவையில் டிராவல்ஸ் நடத்தும் அவன் மாமா கோபாலசாமி, "மொதல் தடவ ஏறறவங்களுக்குன்னே இருக்கற பாதைங்க அது. மருதமலப் படி ஏறற மாதிரி வெச்சுக்க. கொஞ்சம் குளுரும், அவ்வளவுதான்" என்று டிக்கெட்டையே கையில் கொடுத்துவிட்டார். ரோஷினியை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

மாமா சொன்னதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை. குரங்குக் குல்லாய் போட்ட பெங்காலித் தாத்தாக்கள்கூடத் தடியை ஊன்றி ஏறிக்கொண்டிருந்தார்கள். வழியெல்லாம் பச்சைப் புல்வெளி. கோவேறு கழுதைகளின் மணியோசை. தகரக் கொட்டகையில் நூடுல்ஸும் டீயும். வழிகாட்டி தேவேந்தருக்கு இந்தி மட்டும்தான். இவர்களுக்கு அது மட்டும்தான் தெரியாது. அவன் கையால் காட்டுவான்: மெல்ல நட, மூச்சு வாங்கினால் நில், தண்ணீர் குடி, தனியாகப் பின்தங்காதே. உச்சிக்குப் போய்ச் சபரி நாலா பக்கமும் போட்டோ எடுத்தது, கை விறைக்க விறைக்கச் சப்பாத்தி தின்றது, எல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இறங்கும்போதுதான் மூடுபனி வந்தது. பால் பொங்கி வருவதுபோல் பள்ளத்திலிருந்து ஏறி வந்து பாதையை மூடியது. முழங்கால் பிசகியதால் சாந்தி கொஞ்சம் பின்தங்கினாள். அவள் பெங்காலிகளோடு வருகிறாள் என்று சபரி நினைத்தான். பெங்காலிகள் அவள் சபரியோடு போய்விட்டாள் என்று நினைத்தார்கள். ஒரு பாறையில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தவள், பக்கத்தில் கரையாமல் கிடந்த பனித்திட்டின் மேல் இன்னொருத்தியும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். சிவப்பு ஸ்வெட்டர். சுடிதார். கேன்வாஸ் ஷூ.

"குளுருதுங்க," என்றாள் அந்தப் பெண்.

அந்தக் காட்டில் தமிழ்! அதுவும் நம்ம ஊர்த் தமிழ்! சாந்திக்குக் கால்வலியே மறந்துபோனது.

"அட, எந்த ஊருங்க நீங்க?"

"சத்தியமங்கலம் பக்கம்ங்க."

"நான் கோபிங்க! இங்க வந்து பாக்கறம் பாருங்க. தனியாவா வந்தீங்க?"

"எல்லாரும் முன்னால போயிட்டாங்க. என்னைய ஒருத்தரும் கூப்புடல."

கீழேயிருந்து சபரியின் விசில் கேட்டது. சாந்தி எழுந்துகொண்டாள். வந்திருவாங்க, கவலப்படாதீங்க என்று ஏதோ சொன்னாள். சும்மா கிளம்பினால் நன்றாக இருக்காதே. "நாங்க அமெரிக்காவுல இருக்கறோம், டெக்சஸ்ல. அந்தப் பக்கம் வந்தீங்கன்னா அவசியம் நம்ம வீட்டுக்கு வாங்க."

அப்போதுதான் அந்தப் பெண் முகத்தை நிமிர்த்தினாள். புருவத்தில் பொடிப்பொடியாகப் பனி ஒட்டியிருந்தது. "நெசமாவா? வந்தா உள்ள கூப்புடுவீங்களா?"

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க! வாசலுக்கு வந்தவங்கள வாங்கன்னு சொல்லாம நிறுத்துவமா?"

ரயிலில் எதிர் சீட்டில் வந்தவரிடம் சொல்வோம். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்வோம். யாரும் வருவதில்லை, வருவார்கள் என்று நினைத்து நாமும் சொல்வதில்லை. வாயில் காற்று போல வந்து போகிற வார்த்தை அது. இப்போது டெக்சஸில் மாடிப்படியில் உட்கார்ந்திருந்த சாந்திக்கு வேறொன்று உறைத்தது. இத்தனை உபசாரம் பேசினோமே, எழுந்திருங்க, என்னோட வாங்க என்று கையை நீட்டவில்லையே. அவமானமாக இருந்தது. அவமானத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

அன்றிரவு சபரியைப் போனில் பிடித்தாள். நடந்ததைச் சொன்னாள். ஹோட்டல் அறையில் டிவி ஓடும் சத்தம் நின்றது.

"சபரி, நீங்க சிரிக்கவே இல்ல," என்றாள்.

"சிரிக்கறதுக்கு என்ன இருக்கு, யாரோ பசங்க விளையாடறாங்க..."

"அன்னிக்கி டென்ட்ல அந்தப் பொண்ணப் பத்திச் சொன்னேனே, தேவேந்தர் உங்கள வெளிய கூட்டிட்டுப் போயி என்ன சொன்னான்?"

"காலைல சீக்கிரம் கிளம்பணும்னு..."

"பொய் சொல்லாதீங்க. நானும் குழந்தையும் தனியா இருக்கோம்."

"நீ பயந்துக்குவேன்னுதான் சொல்லல. அவன் சொன்னத, நம்மளோட வந்த பெங்காலிகள்ல ஒரு டாக்டர் இருந்தாரே, அவர்தான் எனக்கு இங்கிலீஷ்ல சொன்னாரு. சில வருஷம் முன்னாடி கோயமுத்தூர்லருந்து ஒரு காலேஜ் குரூப் வந்துச்சாம். இறங்கறப்ப மூடுபனி. ஒரு பொண்ணு பின்னாடி நின்னுருச்சு. அவங்களோட வர்றான்னு இவங்களும், இவங்களோட வர்றான்னு அவங்களும் நெனச்சுட்டு டென்ட்டுக்குப் போயிட்டாங்க. பேரைச் சொல்லி ஒருத்தர்கூடக் கூப்பிட்டுப் பாக்கல. காலைலதான் தெரிஞ்சிருக்கு."

"கண்டுபிடிச்சாங்களா?"

"ஷூ மட்டும் கிடைக்கலையாம்," என்றான் சபரி. பிறகு அவசரமாக, "நாளன்னிக்கு வந்துருவேன். கதவைத் தெறக்காத. யாரு வந்தாலும் கூப்பிடாத" என்றான்.

புதன்கிழமை பூராவும் சாந்தி வாசல் பக்கமே போகவில்லை. ஹாலில் திரைச்சீலைகளை இழுத்து மூடினாள். ரோஷினியை மடியில் வைத்துக்கொண்டு, இனிமேல் வீட்டுக்கு யார் வந்தாலும் வாங்க என்று சொல்லக்கூடாது என்று சொன்னாள். ரோஷினி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். சொல்லாவிட்டால்தானே ரூட், நீதானே சொன்னாய்? அது வேற, கண்ணு. எப்படி வேற? வந்தவரை உள்ளே விடாதே என்பதற்கு அவள் வளர்ந்த வீட்டில் வார்த்தையே பழகியதில்லை.

மத்தியானம் தாங்க முடியாமல் அனந்தலக்ஷ்மி ஆன்ட்டிக்குப் போன் செய்தாள். அனந்தலக்ஷ்மி பக்கத்து ஊரான சீடர் பார்க்கில் இருப்பவர். மாதம் இரண்டு முறை சாந்தியைக் காரில் ஏற்றி இந்தியக் கடைக்குக் கூட்டிப்போகிறவர். ஷூவைப் பற்றியெல்லாம் சொல்லவில்லை. தனியா இருக்க ஒரு மாதிரியா இருக்கு ஆன்ட்டி, இன்னிக்கி இங்க வந்து படுத்துக்கறீங்களா, என்று மட்டும் கேட்டாள்.

"அதுக்கென்னடி, இப்படித் தயங்கித் தயங்கிக் கேக்கற? அங்கிளுக்கு டின்னர் குடுத்துட்டு எட்டு மணிக்கெல்லாம் வந்துடறேன்."

சாந்திக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. ஆன்ட்டி வரப்போகிறார் என்று ரோஷினியிடம் சொன்னபோது குழந்தை குதித்தது. சமையலறையில் உப்புமாவுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, இந்த ஆன்ட்டிக்காவது வாங்க சொல்லலாமா என்று வந்து கேட்டது. கண்ணீர் வழிய வெங்காயத்தையே பார்த்துக்கொண்டு, "ஆன்ட்டி வந்தாச் சொல்லலாம், சொல்லு" என்றாள் சாந்தி.

ஏழரைக்கு மேற்கே மேகம் கட்டியது. மழை வராது, வெறும் இடி, தொலைவில், யாரோ மரப்பெட்டியை நகர்த்துவதுபோல. ஏசி தானாக நின்றுவிட்டது. நின்ற பிறகுதான் அது எவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. ஃபிரிட்ஜின் முனகல், அடுப்பில் கடுகு வெடிப்பது, ஹாலில் ரோஷினி தனக்குத்தானே பாடிக்கொள்வது. வெளியே இத்தனை நாள் ஓயாமல் கத்திய சிள்வண்டுகள் ஒன்றுகூடக் கத்தவில்லை. ஏசி நின்ற வீடு அந்த ஊரில் கால் மணியில் அடுப்பாகிவிடும். இந்த வீடு குளிர்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் பனி படர்ந்தது. வெங்காய வாசனைக்கு அடியில், மெல்ல, புகை வாசனை. பச்சை மரம் எரியும் புகை.

அழைப்புமணி அடித்தது. நீளமாக. ஒரு தரம்.

"ஆன்ட்டி!" என்று ரோஷினி கத்திக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது.

அதே நேரம் சுவரில் மாட்டியிருந்த போனும் அடித்தது. பக்கத்திலேயே இருந்ததால் கை தானாகப் போய் எடுத்துவிட்டது.

"சாந்தி, கோச்சுக்காதடி," என்றது அனந்தலக்ஷ்மியின் குரல். "அங்கிள் இப்பத்தான் வந்தார். இதோ, கிளம்பிண்டே இருக்கேன்."

போன் கையிலிருந்து நழுவி வயரில் தொங்கியது.

ஹாலில் பூட்டு திரும்பும் சத்தம். கதவு திறக்கும் சத்தம். பிறகு ரோஷினியின் குரல், பாட்லக்கில் எல்லோரையும் உருக வைத்த அந்தக் குரல், கணீரென்று, ஒரு எழுத்துப் பிசகாமல்:

"வாங்க. உள்ள வாங்க. உக்காருங்க."

சாந்தி ஓடினாள். ஓடினாள் என்று நினைத்தாள். முழங்கால்வரை பனியில் புதைந்தவள் போலக் கால் வரவில்லை. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் நாலு எட்டு வைத்தால் தீரும் தூரம். அது தீரவே மாட்டேன் என்றது.

வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. வெளியே தெரு இல்லை. எதிர்வீட்டு மரச்சட்டங்கள் இல்லை. வெள்ளை. பால் பொங்கிய வெள்ளை. கதவுக்கு உள்ளே, செருப்புகளை வரிசையாக விடும் இடத்தில், ரோஷினியின் ரோஸ் நிறச் செருப்புக்குப் பக்கத்தில் கேன்வாஸ் ஷூ. அங்கிருந்து கார்ப்பெட்டின் மேல் ஈரப் பாதங்கள். ஒன்று. இன்னொன்று. சோபாவரைக்கும்.

சோபாவில் யாருமில்லை. ஆனால் ஒரு மெத்தை அமுங்கியிருந்தது. ஒரு ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு.

ரோஷினி சாப்பாட்டு மேஜையிலிருந்து டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றாள். சிந்தாமல். சமத்தாக. டம்ளரின் விளிம்பில் பனி பூத்தது.

"ரோஷினி. இங்க வா."

குரல் வெளியே வரவில்லை.

துரத்த வேண்டும். போ என்று சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை. சாந்தி வாயைத் திறந்தாள். வீட்டுக்கு வந்த ஒருத்தியைப் பார்த்து அந்த ஒற்றை வார்த்தையை அவள் பிறந்ததிலிருந்து சொன்னதில்லை. அவள் அம்மா சொன்னதில்லை. முட்டித் தள்ளினாள். வெளியே வந்தது பழகிய வார்த்தை.

"போயிட்டு வாங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது கேட்டது.

மெத்தை மெல்ல எழும்பியது. தண்ணீர் டம்ளர் காலியாக இருந்தது.

"போயிட்டு வரேனுங்க," என்றது ஒரு குரல். மிக அருகில். அன்று மலையில் கேட்ட அதே குரல், நன்றியோடு. அப்புறம் தாழ்வாக, குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து பேசுகிற மாதிரி: "கண்ணு, நீயும் எங்க ஊட்டுக்கு வரோணும். என்ன?"

"வேண்டாம்," என்று சாந்தி கத்தினாள். "சொல்லாத. சொல்லாதடா."

ரோஷினி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பழக்கியதைச் சரியாகச் செய்யும் குழந்தையின் சிரிப்பு முகத்தில்.

"சரிங்க," என்றாள்.

விளக்குகள் போயின. வெள்ளை உள்ளே வந்தது. கண்ணில், மூக்கில், வாயில். குளிர். சாந்தி கையை நீட்டினாள். காற்று. துழாவினாள். காற்று. டம்ளர் கார்ப்பெட்டில் விழும் சத்தம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கூப்பிட்ட பெயர் எதிரிலிருந்து தேய்ந்து தேய்ந்து திரும்பி வந்தது. வீட்டுக்குள் எப்படி எதிரொலிக்கும்? சுவர் இல்லையா? சுவர் எங்கே?

ஏசி திடுக்கென்று உயிர் பெற்றது. விளக்குகள் வந்தன. சிள்வண்டுகள் விட்ட இடத்திலிருந்து கத்தத் தொடங்கின.

வாசலுக்கு வெளியே தெரு இருந்தது. வெயில் முழுக்க இறங்கிவிட்ட, சூடு தணியாத, சாதாரணத் தெரு. கேன்வாஸ் ஷூவைக் காணோம். ரோஸ் நிறச் செருப்பு மட்டும் வரிசையில் இருந்தது.

தெருமுனையில் ஒரு கார் திரும்பியது. அதன் வெளிச்சம் புல்லின் மேல் வழுக்கிக்கொண்டு வந்து வாசல் நடைபாதையில் நின்றது. அனந்தலக்ஷ்மி ஆன்ட்டி கையில் ஒரு டிபன் பாக்ஸோடு இறங்கினார்.

"என்னடி, கதவ விரியத் தெறந்து வெச்சிண்டு நிக்கற? நடையெல்லாம் ஏன் இப்படி ஈரம்?" கிட்டே வந்து முகத்தைப் பார்த்தார். "சாந்தி? குட்டி எங்க? இன்னிக்கி என்னை வாங்கன்னு சொல்ல ஆளக் காணோமே."

சாந்தி ஆன்ட்டியின் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காரின் வெளிச்சத்தில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. தேய்ந்த ஷூவின் ஈரத் தடம் ஒன்று நடைபாதையில் இறங்கிப் போனது. அதன் பக்கத்திலேயே, எட்டிப் பிடிக்க ஓடிய மாதிரி நெருக்கமாக, செருப்பில்லாத சின்னப் பாதங்கள், ஐந்து விரலும் பதிந்து. இரண்டும் கருகிய புல்லில் ஏறி, பாதிப் புல்தரைவரை போய், அங்கே நின்றன. அதற்கப்பால் ஒன்றுமில்லை.

அந்த இடத்திலிருந்து, ஆனால் ஒரு மலைச்சரிவு அளவுக்குத் தூரத்திலிருந்து, ரோஷினி பேசினாள். தமிழில் பேசினாள்.

"அம்மா, எல்லாரும் முன்னால போயிட்டாங்க. குளுருதும்மா."

அன்றைக்கு இரவு பத்து மணிக்கும் டெக்சஸில் அனல் அடித்தது. போலீஸ் வந்து விளக்கடித்துப் பார்க்கும்போதும் அந்தச் சின்னப் பாதங்களின் ஈரம் காயாமல் இருந்தது.